பினாங்கு: முதலும் கூலியும்

மலேசியத் தமிழர் நாங்கள் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறோம். ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் ஒரு கைலியை விலை கேட்டால், கடைக்காரர் வெள்ளியில்தான் சொல்வார். காகிதத்தில் அச்சடித்த பணத்துக்கு உலோகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் அதே கதையைத்தான் சொல்கிறது. பல் பல்லாக வெட்டிய விளிம்பு என்று அதற்குப் பொருள். மெக்சிகோவிலும் பெருவிலும் ஸ்பானியர் அடித்த வெள்ளிக்காசின் விளிம்பைப் பார்த்து மலாய்க்காரர் வைத்த பெயர் அது.

அந்தக் காசைப் பற்றிப் பினாங்கில் ஒரு செவிவழிக் கதை உண்டு. 1786-இல் ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது, புதர் மண்டிக் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்த ஆட்கள் சோம்பினார்களாம். பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம் லைட். காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டினார்களாம். கதை உண்மையோ பொய்யோ, அந்தக் காலத்துச் சிந்தனையை அப்படியே காட்டுகிறது. வெள்ளிதான் செல்வம், அது யார் கஜானாவில் சேர்கிறது என்பதே அரசியல். அந்தச் சிந்தனைக்குத்தான் வணிகவாதம் என்று பெயர். அது ஒரு பேரரசையும் அதன் காலனிகளையும் என்ன செய்தது என்று கேட்பவர்களுக்குப் பினாங்கைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. தமிழர்களுக்கோ இது சொந்த வீட்டுக் கணக்கு.

வணிகவாதத்தின் கணக்கு எளிது. உலகத்தில் உள்ள செல்வம் ஓர் அளவோடுதான் இருக்கிறது. ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பது. ஆகவே ஏற்றுமதியைக் கூட்டு, இறக்குமதியைக் குறை, மிஞ்சும் பொன்னையும் வெள்ளியையும் நாட்டுக்குள் வைத்துக்கொள். காலனி என்பது கச்சாப் பொருளைத் தரவும், தாய்நாட்டுச் சரக்கை வாங்கவும், தாய்நாட்டுக் கப்பலில் மட்டும் அனுப்பவும் கடமைப்பட்ட இடம். 1651 முதல் இங்கிலாந்து கொண்டுவந்த கப்பல் போக்குவரத்துச் சட்டங்கள் இதைத்தான் விதியாக்கின.

இந்தக் கொள்கைக்குள் பொருந்தாமல் முதலிலிருந்தே உறுத்தியது கிழக்கிந்தியக் கும்பெனி. 1600-இல் அரசியிடம் ஏகபோக உரிமை பெற்ற அது, ஒவ்வோர் ஆண்டும் கப்பல் கப்பலாக வெள்ளியைக் கிழக்கே கொண்டுவந்து கொட்டியது. காரணம், இங்கிலாந்தின் கம்பளியை நம் ஊரில் யாரும் கேட்கவில்லை. நம் துணியையோ அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கும்பெனியின் இயக்குநர் தாமஸ் மன் இதற்கு நியாயம் எழுதினார். விதைக்கும்போது நெல்லை வாரி இறைப்பவனைப் பார்த்துப் பைத்தியக்காரன் என்று சொல்வோமா, அறுவடையைப் பார்க்க வேண்டாமா என்ற போக்கில் வாதாடினார். வாதம் கும்பெனியைக் காப்பாற்றியது. நம் நெசவாளரைக் காப்பாற்றவில்லை. கம்பளி, பட்டு நெசவாளர்களின் கூச்சலுக்கு இணங்கிய இங்கிலாந்து நாடாளுமன்றம், 1700-இல் அச்சடித்த இந்தியத் துணியின் இறக்குமதியையும், 1721-இல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதையுமே தடை செய்தது. உடுத்தியவருக்கு 5 பவுன் தண்டம்.

ஆனால் லண்டன் மட்டும் உலகம் அல்ல. நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய துறைகளுக்கு மலாய்த் தீவுகள் அதைவிடப் பழைய சந்தை. அங்கே துணியே பணம். சோழமண்டலத் துணியைக் கொடுத்தால் மிளகு வரும், ஈயம் வரும், யானையும் வரும். இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு மலாய் அகராதியே போதும். கடை 'கெடாய்' ஆனது. கப்பல் 'காப்பால்' ஆனது. பெட்டி 'பெத்தி' ஆனது. கிடங்கு 'குடாங்' ஆனது. வணிகத்தில் போடும் முதலுக்கு மலாயில் இன்றும் 'மோடால்' என்றுதான் பெயர். அது நம் 'முதல்'தான். ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மீனவ ஊரின் பெயரை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடக்கிறது ஒரு நாடு. அந்தக் கைலியைக் கையில் எடுத்து மடிப்பைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஐரோப்பியர் வந்த பிறகு இந்தக் கடல் பூட்டப்பட்டது. முதலில் போர்த்துக்கீசியர், தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைக் கடற்கொள்ளைக் கப்பலாக நடத்தினார்கள். பிறகு டச்சுக்காரர். வணிகவாதத்தின் மிகக் கொடிய முகம் அவர்களுடையது. ஜாதிக்காய்க்கு ஒரே விற்பனையாளராக இருக்க வேண்டும் என்பதற்காக 1621-இல் பாண்டா தீவுகளின் மக்களைக் கொன்று குவித்தார்கள். தாங்கள் அனுமதிக்காத தீவுகளில் நின்ற கிராம்பு மரங்களை வேரோடு வெட்டினார்கள். 1641-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி, தமிழ் முஸ்லிம் கப்பல்காரர்கள் எந்தத் துறைக்குப் போகலாம், எதை ஏற்றலாம் என்று சீட்டு எழுதினார்கள். ஆனாலும் மரைக்காயர் கப்பல்கள் நிற்கவில்லை. டச்சுக்காரரின் கைக்கு எட்டாத கெடாவுக்கும் ஆச்சேவுக்கும் பாய் விரித்தன. கெடா சுல்தானின் அரண்மனையில், அரசரின் வணிகத்தை நடத்தும் 'சவுடாகர் ராஜா' பதவியில் சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். நம் பழம்பாட்டுகளில் கடாரம் என்று வரும் அதே கெடா. பினாங்கு அப்போது அந்தக் கெடாவின் தீவு.

லைட் அங்கே வந்தது சென்னைப் பணத்தில். 1771-இல் அவர் சென்னையில் இருந்த ஜோர்டான், சல்லிவன், டி சூசா என்ற வணிக நிறுவனத்தின் முகவராகக் கெடாவில் இருந்தார். சயாமிடமிருந்து காப்பு வேண்டும் என்பது சுல்தானின் தேவை. அந்த நம்பிக்கையைக் கொடுத்துத்தான் லைட் 1786 ஆகஸ்ட் 11 அன்று தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். கும்பெனி காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. ஏமாந்த சுல்தான் 1791-இல் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் எதிர்க்கரைப் பிறையில் அந்தப் படையைத் தாக்கிக் கலைத்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று ஒப்பந்தம் ஆனது. 1800-இல் எதிர்க்கரையையும் வாங்கிக்கொண்டு 10,000 ஆக்கினார்கள். 1821-இல் சயாம் கெடாவைச் சூறையாடியபோது கும்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. மலேசியக் கூட்டரசு அந்தப் பத்தாயிரத்தை ரிங்கிட்டாகக் கெடாவுக்குக் கொடுத்து வந்து, 2018-இல்தான் ஒரு கோடியாக உயர்த்தியது.

ஒரு தீவுக்காக இத்தனை பாடு எதற்கு? விடை பினாங்கில் இல்லை. தேநீர்க் கோப்பையில் இருக்கிறது. 1784-இல் இங்கிலாந்து தேயிலை மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்குக் குறைத்தது. குடிப்பவர் தொகை பெருகியது. தேயிலை சீனாவிலிருந்து வர வேண்டும்; சீனரோ வெள்ளியைத் தவிர வேறொன்றையும் எளிதில் ஏற்பதில்லை. வெள்ளியைக் காப்பாற்ற வேண்டுமானால் சீனத் துறையான காண்டனில் விலைபோகும் சரக்கு வேண்டும். ஈயம், மிளகு, பிரம்பு, பறவைக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலாக அபின். இவற்றைத் திரட்டும் இடமாக, வங்காளத்துக்கும் காண்டனுக்கும் நடுவே ஒரு துறை வேண்டும். அதுதான் பினாங்கு. பத்து ஆண்டுகளுக்கு முன், 1776-இல், ஆடம் ஸ்மித் வணிகவாதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அமெரிக்கக் காலனிகளும் கையைவிட்டுப் போய்விட்டன. யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயரைத்தான் எங்கள் எஸ்பிளனேடு கோட்டை இன்றும் சுமக்கிறது. ஆனால் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. பினாங்கின் வாசலில் சுங்கம் இல்லை. உள்ளே ஏகபோகம் அப்படியே இருந்தது. இந்தியாவோடு வணிகம் செய்யும் ஏகபோகம் 1813 வரையும், சீன ஏகபோகம் 1833 வரையும் கும்பெனியிடமே இருந்தன.

சுங்கமில்லாத் துறைமுகம் என்ற அறிவிப்பு பொய் அல்ல. டச்சுக்காரரின் சீட்டுக்கும் பூட்டுக்கும் அஞ்சிய புகிசுக்காரர், ஆச்சேக்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இங்கே குவிந்தார்கள். 1794 வாக்கில் லைட் எழுதிய அறிக்கையில் சூலியாக்கள் ஆயிரம் பேர் குடியிருப்பதாகவும், அவர்கள் கடைக்காரர்களும் கூலிகளும் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து உழைத்துச் சில வெள்ளிகளோடு ஊர் திரும்புவதாகவும் குறித்திருக்கிறார். கடைக்காரரும் கூலியும் ஒரே வரியில். காதர் மொகிதீன் என்ற வணிகர், தென்னிந்தியரின் தலைவரான கப்பித்தான் கிளிங் ஆனார். 1801-ஐ ஒட்டி அவர் முயற்சியில் எழுந்த பள்ளிவாசல் நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. பக்கத்தில் நாகூர் தர்கா. கொஞ்ச தூரத்தில் குயின் தெரு மகா மாரியம்மன் கோயில். ஐம்பது ஆண்டுகள் கழித்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்து பினாங்குத் தெருவில் கிட்டங்கி அமைத்தார்கள். 1857-இல் தண்ணீர்மலைப் பக்கம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். ஆகவே பினாங்கால் தமிழருக்கு நன்மையே இல்லை என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் அதே ஆண்டுகளில் வேறு தமிழரும் இங்கே வந்தார்கள். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1802-இல், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். வங்காளம், சென்னை மாகாணக் கைதிகளின் கைகள்தான் இந்த ஊரின் சாலைகளை இட்டன. வணிகவாதம் ஒரே கடலில் ஒருவனைச் சரக்கோடும் இன்னொருவனை விலங்கோடும் அனுப்பியது. இரண்டு கப்பலுக்கும் பின்னால் இருந்தது ஒரே கும்பெனி.

பினாங்கை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சுங்கம் வாங்காத அரசு குத்தகை விட்டது. அபின், சாராயம், கொஞ்ச காலம் சூதாட்டம் ஆகியவற்றை விற்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர்கள் அரசுக்குப் பணம் கட்டினார்கள். வங்காளத்தில் 1773 முதல் கும்பெனியின் ஏகபோகமான அபின், கல்கத்தா ஏலத்தில் ஒருமுறை இலாபம் தந்தது. இங்கே குத்தகையில் இன்னொருமுறை தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பாதியை ஒட்டி அபினிலிருந்து வந்தது. வெள்ளையர் வணிகத்துக்கு வரியில்லை. ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு நீரில் நின்ற சீனத் தொழிலாளியின் வலிக்கு வரி. 'சுதந்திர வணிகம்' என்ற சொல்லைப் படிக்கும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பேரரசுக்காவது இலாபமா என்றால், அங்கேதான் கணக்கு இடறுகிறது. கும்பெனி 1772-இலேயே கடனில் மூழ்கி அரசிடம் கையேந்தியது. பினாங்கை 1805-இல் சென்னை, பம்பாய், கல்கத்தாவுக்கு அடுத்த நான்காவது மாகாணமாக உயர்த்தினார்கள்; கப்பல் கட்டும் தளம், கடற்படைத் தளம் என்று பெருங்கனவு கண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வருவாய் செலவை ஈடுகட்டவே இல்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கத்தை விதித்துப் பார்த்தார்கள். 1819-க்குப் பின் சுங்கமில்லாத சிங்கப்பூர் வணிகத்தை இழுத்துக்கொள்ள, விதித்த சுங்கத்தை எடுக்க வேண்டியதாயிற்று. 1830-இல் மாகாணத் தகுதி போயிற்று. 1832-இல் தலைநகரும் சிங்கப்பூருக்குப் போயிற்று. பேரரசின் இலாபம் பங்குதாரருக்கும் ஊழியருக்கும் தனி வணிகருக்கும் போனது. செலவு இந்திய விவசாயி கட்டிய வரியில் ஏறியது. தாதாபாய் நவ்ரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் பின்னாளில் வாதாடிய செல்வ வடிகால் இதுதான்.

தமிழரின் முதல் எப்போது கரைந்தது? ஒரே நாளில் அல்ல. 1813-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியத் துணி இங்கிலாந்துக்குள் நுழைய 70, 80 சதவீதம் வரை வரி இருந்தது. லங்காஷயர் துணி இந்தியாவுக்குள் மிகக் குறைந்த வரியில் வந்தது. இந்தச் சுவரின் நிழலில்தான், நம் துணியைப் பார்த்து நெய்யப் பழகிய ஆலைகள் வளர்ந்தன. சில பத்தாண்டுகளில் அந்த ஆலைத்துணி பினாங்குக் கடற்கரைக் கிட்டங்கிகளில் சோழமண்டலத் துணிக்குப் பக்கத்தில் மலிவாக அடுக்கப்பட்டது. ஐரோப்பிய நிறுவனங்களின் நீராவிக் கப்பல் வந்தபோது மரைக்காயரின் பாய்க்கப்பலும் பின்தங்கியது. கப்பல் உரிமையாளரின் பேரன், துறைமுகத்தில் தொங்கான்களுக்குச் சரக்கேற்றும் ஆட்களின் தலைவனாகவோ நாணயம் மாற்றுபவனாகவோ மாறினான். பிழைக்கத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் கடலின் எசமானர்களாக இல்லை.

அந்த இடைவெளியில் கரும்பு வந்தது. நிபோங் திபால், காலிடோனியா, பத்து காவான் என்று எதிர்க்கரை சதுப்பு நிலத்தில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. இங்கேயும் வணிகவாதத்தின் கை உண்டு. பினாங்கு சுங்கமில்லாத் துறை என்பதாலேயே, சயாம், ஜாவா சர்க்கரை இதன் வழியாகப் புகுந்துவிடும் என்று சொல்லி இங்கிலாந்து பல ஆண்டுகள் இங்கத்தியச் சர்க்கரைக்கு அந்நிய வரி போட்டது. 1840-களின் நடுவில் அந்தத் தடை விலகியதும் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். லண்டனில் ஒரு வரி மாறினால் நாகப்பட்டினத்தில் ஒரு குடும்பம் கப்பலேறும். தஞ்சை, திருச்சி வட்டாரங்களில் கடனிலும் பஞ்சத்திலும் தவித்தவர்கள் கைநாட்டு வைத்து வந்தார்கள். கரும்புக்குப் பின் ரப்பர். ஒப்பந்த முறைக்குப் பின் கங்காணி முறை. புலாவ் ஜெரஜாக்கில் தனிமை முகாம். அங்கிருந்து லயத்து வீடு. மலாயில் 'கூலி' என்ற சொல்லும் நம்முடையதுதான். கடை, கப்பல், முதல் என்று வணிகனின் சொற்களைத் தந்த மொழி இந்தச் சொல்லையும் தந்தது. பின்னாளில் தமிழன் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது இந்தச் சொல்தான் என்பதே என் நெஞ்சில் தைத்த முள்.

வணிகவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு செத்துவிட்டதாகச் சொல்பவர்களுக்கு ஈயத்தைக் காட்ட வேண்டும். 1903 வாக்கில் அமெரிக்கர்கள் மலாய் ஈயத்தாதுவைத் தங்கள் நாட்டில் உருக்க முயன்றார்கள். உடனே கூட்டு மலாய் மாநில அரசு, நீரிணைக் குடியேற்றங்களுக்கு வெளியே போகும் தாதுவுக்குத் தாங்க முடியாத ஏற்றுமதி வரியைப் போட்டது. சுதந்திர வணிகத்தின் கோட்டை என்று பேர் பெற்ற ஆட்சி, இலாபம் ஆட்டம் கண்டதும் பதினேழாம் நூற்றாண்டு ஆயுதத்தைத் தூசு தட்டி எடுத்தது. பினாங்கு டத்தோ கிராமாட் சாலையின் ஈய உருக்காலை அந்த நிழலில் வளர்ந்தது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டத்தால் ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்து விலையை ஏற்றினார்கள். 1930-களின் மந்தத்தில் விலை சரிந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஸ்டெர்லிங் வட்டாரத்திலேயே டாலரை மிக அதிகமாக ஈட்டிய காலனி மலாயா. பால்மரத்தில் விடியற்காலையில் கத்தி போட்டவர் ஈட்டிய அந்த டாலர், போரில் நொடித்த பிரிட்டனின் கணக்கைத்தான் தூக்கி நிறுத்தியது. தாமஸ் மன் உயிரோடு இருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆய்வாளர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? ஸ்மித்தின் வழி வந்தவர்கள், காலனி ஏகபோகம் தாய்நாட்டுக்கே சுமை என்பார்கள். 1953-இல் காலகரும் ராபின்சனும், சுதந்திர வணிகமே இன்னொரு வகைப் பேரரசுதான் என்று எழுதினார்கள். பினாங்கு வரலாறு இரண்டாவது கூற்றின் பக்கம் நிற்கிறது. இங்கே வணிகவாதம் முடிந்து சுதந்திர வணிகம் தொடங்கிய நாள் என்று ஒன்று இல்லை. எது எப்போது பயன்பட்டதோ அதை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சின்னப்பா அரசரத்தினம், சோழமண்டல வணிகர்களைக் கும்பெனிக்கு இரையான பேதைகளாகக் காட்டாமல், திறமும் தந்திரமும் கொண்டவர்களாகக் காட்டினார். அது மிகப் பெரிய திருத்தம். கூ சல்மா நசுத்தியோன் பினாங்குச் சூலியாக்களின் வக்பு நிலங்களையும் குடும்பங்களையும் தேடி 2014-இல் தனி நூலாக்கினார். என் கருத்து இதுதான்: தமிழ் வணிகர் தோற்றது வணிகத் திறமை குறைந்ததால் அல்ல. அவர்களுக்குப் பின்னால் கடற்படையும், சட்டம் இயற்றும் நாடாளுமன்றமும், சுங்கத்தை ஏற்றி இறக்கும் அதிகாரமும் இல்லை. எதிரில் நின்றவனிடம் மூன்றும் இருந்தன.

விடுதலைக்குப் பின் மலேசியா 1969-இல் பினாங்கின் சுங்கமில்லாத் தகுதியை நீக்கியது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வணிக வலயம் திறந்த பிறகு ஊர் மீண்டது. அது தனிக் கட்டுரைக்கான செய்தி.

ஒரு குறை என்னை விடாமல் உறுத்துகிறது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை கும்பெனிக் கோப்புகளிலிருந்தும் காலனி அறிக்கைகளிலிருந்தும் தெரியவந்தவை. சூலியா வணிகர் என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்றார், யாரிடம் கடன் பட்டார், எந்தக் கப்பலில் எதை இழந்தார் என்பது அவர் கையால் எழுதிய பேரேட்டில்தான் இருக்கும். லைட்டின் கடிதம் பத்திரமாக இருக்கிறது; நம் கணக்கு எரிந்தது, நனைந்தது, பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போனது. பினாங்கிலோ நாகூரிலோ காரைக்குடியிலோ உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகமோ, சரக்குச் சீட்டோ, கடிதக்கட்டோ கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ பல்கலைக்கழகத்திலோ கொண்டுபோய்க் கொடுங்கள்.